காலித் தவாவும் கேட்காத பில்லும்

வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் மதுரை பக்கத்துச் சோழவந்தான் வீதிகளில் பாத்திரக் கடைகள் முளைத்துவிடும். மற்ற மாதங்களில் வண்டியில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வந்து தவணைக்குக் கொடுப்பவர்கள் உண்டு. நான்ஸ்டிக் தவாவைக் கையில் எடுக்கும் பெண்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "கோட்டிங் உரியுமாண்ணே? உரிஞ்சா கேன்சர் வரும்ங்கிறாகளே?"

பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு.

டெஃப்ளான் என்று நாம் சொல்லும் அந்தப் பூச்சின் பெயர் பிடிஎஃப்இ. 1938-ல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தது. எதனோடும் எளிதில் வினைபுரியாது. தோசையோடு ஒரு துணுக்கு வயிற்றுக்குள் போனாலும் செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். புற்றுநோய்ப் பேச்சு கிளம்பியது, இந்தப் பூச்சைத் தயாரிக்கும்போது சேர்த்த பிஎஃப்ஓஏ என்ற ரசாயனத்தால். மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் அருகேயுள்ள டூபாண்ட் தொழிற்சாலையிலிருந்து அது குடிதண்ணீரில் கலந்தது. ஆயிரக்கணக்கானோர் தொடுத்த வழக்குகளை முடிக்க, 2017-ல் டூபாண்டும் அதிலிருந்து பிரிந்த கெமூர்ஸும் சுமார் 67 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. 2023-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பிஎஃப்ஓஏ மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்றே வகைப்படுத்திவிட்டது. பெரிய நிறுவனங்கள் 2015-க்குள் அதைக் கைவிட்டன.

ஆகவே 'பிஎஃப்ஓஏ இல்லை' என்ற ஸ்டிக்கர் நல்ல செய்திதான். ஆனால் அது தயாரிப்பு முறையைப் பற்றிய பேச்சு. அடுப்பில் உங்கள் தவா என்ன செய்யும் என்பதற்கு அதில் பதில் கிடையாது.

அடுப்பில் நடப்பது இது. தவாவை வைத்து, கேஸைப் பெரிதாகத் திறந்துவிட்டு, மாவு எடுக்க ஃப்ரிட்ஜ் பக்கம் போகிறோம். அதற்குள் போன் வருகிறது. மாவோ எண்ணெயோ இல்லாத காலித் தவாவின் சூடு சில நிமிடங்களிலேயே 260 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அதற்குமேல் பூச்சு சிதையத் தொடங்கும். 350-ஐ நெருங்கினால் நச்சுப் புகை நன்றாகவே கிளம்பும். சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், குளிர், இருமல், நெஞ்சு இறுக்கம் வரலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்பதால் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்றே நினைத்துவிடுவோம். கூண்டுப் பறவைகளுக்கு அந்த அவகாசமும் இல்லை. சமையலறைப் பக்கம் லவ்பேர்ட்ஸ் கூண்டு தொங்கவிடுகிறவர்கள் இன்றைக்கே இடத்தை மாற்றுங்கள். இந்தப் புகையில் அவை நிமிடக்கணக்கில் செத்துவிழும்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல் இன்னும் கறார். 170 டிகிரிக்குமேல் சூடேற்றினாலே ஆபத்து, பூச்சு தேய்ந்தாலோ சேதமானாலோ பாத்திரத்தைத் தூக்கிப்போடு என்கிறது. முறுகல் தோசைக்குக் கல் காயும் சூடே அந்த அளவைத் தொட்டுவிடும். என் கணக்கில், தினமும் தோசை சுடும் வீட்டுக்கு இரும்புக் கல்தான் சரி. நான்ஸ்டிக்கை முட்டைக்கும் மிதமான தீயில் செய்யும் வதக்கலுக்கும் வைத்துக்கொள்ளலாம்: முதலில் எண்ணெய், பிறகு அடுப்பு, மரக்கரண்டி, கம்பி நார் வேண்டவே வேண்டாம். பூச்சு போன கடாயில் புளிக்குழம்பு வைத்தால் புளிப்பு அடியிலுள்ள அலுமினியத்தைக் கரைக்கும். மண்சட்டியைத்தான் மிகப் பாதுகாப்பானது என்கிறது அதே வழிகாட்டுதல். மண்பாண்டத்துக்குப் பேர்போன மானாமதுரை நமக்கு ஒன்றும் தூரமில்லை.

இனி வாங்கும் இடம். அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2024 மார்ச்சில் ஆணை பிறப்பித்தது. அதற்கான ஐஎஸ் 1660 தரநிலைக்குள் நான்ஸ்டிக் பூச்சுப் பாத்திரங்களும் வருகின்றன. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுப் பார்த்தால் அசலா போலியா என்று தெரிந்துவிடும். புகாரும் அதிலேயே கொடுக்கலாம்.

பில் கேட்பதற்குத்தான் நமக்குக் கூச்சம். தெரிந்த கடைக்காரர், என்ன நினைப்பாரோ! 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே நேர்மையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று கல்லாவுக்குமேல் தொங்கும் பலகையைப் பார்த்துத் திரும்பி வர வேண்டியதில்லை. தவணைக்கு வாங்குகிறவர்கள் கொடுக்கும் பணத்தைத் தேதி போட்டு அட்டையில் எழுதி வாங்குங்கள். வியாபாரியின் போன் நம்பரும் அதில் இருக்கட்டும்.

வாங்கிய சில வாரத்திலேயே பூச்சு உரிந்து, கடைக்காரரும் கைவிரித்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பெரும்பாலும் நிறுவனத்திடம் பேசி அங்கேயே முடித்துவைப்பார்கள். முடியாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். தேவைப்பட்டால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லும். அதனால் வழக்கு முடியும்வரை அந்தத் தவாவைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.