ஒப்பாரியும் இசைச் சிகிச்சையும்



பதுளைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் ஓர் இழவு நேர்ந்தால், முன்னாளில் பெரட்டுக்கு ஆளழைத்த அதே தப்புத்தான் அச்செய்தியையும் சொல்லும். அயல் லயங்களிலிருந்து பெண்கள் கூடுவர். ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக அமர்ந்து ஒப்பாரி வைப்பர். இதனைக் கூலிக்கு மாரடித்தல் என்று ஏளனஞ் செய்வார் நகரத்தில் உண்டு. அவர்கள் அருகிருந்து கேட்டதில்லை போலும்.

ஒப்பாரியின் மெட்டு வழிவழி வந்தது. சொற்களோ பெரும்பாலும் அந்த நேரத்தில் பிறப்பவை. மாண்டவள் ஏறிய மலை, சுமந்த கூடை, வாங்காமற்போன சேலை யாவும் பாட்டில் வந்து புகும். ஒருத்தி ஓரடி சொல்லி மூச்சு வாங்குமிடத்தில் மற்றொருத்தி அதே குரலில் எடுத்துக்கொள்வாள். விம்மல் நீண்டால் பாட்டும் நீளும். சீர் கொண்டுவராத அண்ணனை வேறு நாளிற் குறைகூறினால் சண்டை மூளும். அன்று கூறினால் எவரும் கோபங்கொள்ளார்.

1959ஆம் ஆண்டு இங்கிலாந்தில் போல் நோர்டொஃப் என்னும் இசையமைப்பாளரும், கிளைவ் ரொபின்ஸ் என்னும் ஆசிரியரும், பிறரோடு ஒட்டாத குழந்தைகளுக்காக ஒரு முறையைத் தொடங்கினர். முன்கூட்டி அமைத்த பாட்டை நம்பி அவர்கள் உட்காரவில்லை. குழந்தை வீரிட்டால் அக்குரலின் சுருதியைப் பியானோவிற் பிடிப்பர். முரசைத் தாறுமாறாக அடித்தால் அதற்கே இசைந்து வாசிப்பர். தன் ஒலிக்கு மறுமொழி வருவதை உணர்ந்த குழந்தை சற்று நிறுத்தும், கேட்கும், மீண்டும் அடிக்கும். உறவு அங்கே தொடங்குகிறது. ஆறுதல் சொல்பவர் "அழாதே" என்பார். இவர்களோ அழுகையையே சுருதியாகக் கொண்டார்கள்.

ஆயினும் ஒப்பாரியைச் சிகிச்சை என்று சொல்லிவிட முடியாது. சிகிச்சையாளர் பயிற்சி பெற்றவர், வாரந்தோறும் வருவார், நேர்ந்ததைப் பதிவுசெய்து ஆராய்வார். ஒப்பாரியோ கருமாதியோடு ஓய்ந்துவிடும். பிறகு கைம்பெண் கொழுந்து பறிக்கப் போயாக வேண்டும்.

அதற்கு அயலும் வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்தபோது லயங்களே மண்ணுள் மறைந்தன. பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. சுற்றி அமர வேண்டியவர்களும் அன்று இழவு கண்டவர்களே. யார் குரலை யார் ஏந்துவது?

இத்தகைய இடங்களுக்கு உளநல உதவிக்காக வருவோர் பியானோவைத் தேட வேண்டியதில்லை. அத்தோட்டத்து மூதாட்டி ஒருத்தியிடம் முதலில் மெட்டைக் கேட்டுக்கொள்ளட்டும். அவள் எங்கே மூச்சு வாங்குகிறாள் என்பதையும் கவனிக்கட்டும்.