ஜிப்சமா, சுண்ணாம்புக்கல் தூளா? இடும் முன் சோதியுங்கள்

களர் நிலம் திருந்த ஜிப்சம் இட வேண்டும் என்பதை உழவர் பெருமக்கள் நன்கு அறிவர். ஆனால் வந்து இறங்கும் வெள்ளைத் தூள் ஜிப்சம்தானா என்று பார்ப்பவர்கள் குறைவு. சுண்ணாம்புக்கல் தூளும் பார்வைக்கு அப்படியே இருக்கும். அதைக் களர் நிலத்தில் இட்டால் வண்டிச் சத்தமும் ஆள் கூலியும் வீண்.

பாறை என்பது பெரும்பாலும் பல கனிமங்களின் கலவை. கனிமம் என்பது இயற்கையில் உண்டாகி, தனக்கென்று குறிப்பிட்ட இரசாயன அமைப்பும் படிக அமைப்பும் கொண்ட பொருள். காக்காப்பொன் ஒரு கனிமம். வெங்கச்சங்கல் வேறொரு கனிமம். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட்டும் நீரும் பிணைந்த கனிமம். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீரே. சுண்ணாம்புக்கல்லில் இருப்பது கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட். பெரம்பலூர் மாவட்டம் காரைப் பகுதியில் களிமண் படிவங்களுக்கு இடையே ஜிப்சம் நரம்பு போல ஓடுகிறது. பக்கத்து அரியலூரில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். எனவே ஊர்ப்பெயரை வைத்துச் சரக்கை முடிவு செய்ய இயலாது. நிறமும் உதவாது, களிமண் சேர்ந்த ஜிப்சம் பழுப்பாகவே இருக்கும்.

கட்டியாகக் கிடைத்தால் விரல் நகத்தால் கீறிப் பாருங்கள். ஜிப்சத்தில் கோடு விழும். கால்சைட்டில் நகம் ஏறாது, ஆனால் கத்தி முனை கீறும். வெங்கச்சங்கல்லோ கண்ணாடியையே கீறிவிடும்.

தூளாக இருந்தால் நகச் சோதனை பயன்படாது. ஒரு கரண்டித் தூளில் எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழியுங்கள். சுண்ணாம்புக்கல் தூள் நுரைத்துப் பொங்கும், ஜிப்சம் பொங்காது. இயற்கை ஜிப்சத்தில் சிறிது சுண்ணாம்பு கலந்திருப்பது உண்டு. ஆகவே இரண்டொரு குமிழி வந்ததும் வியாபாரியிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தூள் முழுவதும் பொங்கினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பொங்காததெல்லாம் ஜிப்சம் ஆகிவிடாது. மணல் தூளும் பொங்காது. இதற்கு இன்னொரு சோதனை உண்டு. தூளை இரண்டு நாள் நல்ல வெயிலில் உலர்த்தி, உலர்ந்த இரும்புக் கரண்டியில் இட்டுச் சூடாக்கி, மேலே குளிர்ந்த டம்ளரைக் கவிழ்த்துப் பிடியுங்கள். ஜிப்சமானால் உள்ளே பிணைந்திருந்த நீர் வெளியேறி டம்ளரில் துளித் துளியாகப் படியும். உலர்ந்த சுண்ணாம்புக்கல் தூளிலும் மணலிலும் இவ்வாறு படியாது.

இந்த வேறுபாடு வயலில் ஏன் பெரிதாகிறது? களர் மண்ணில் களியோடு ஒட்டியிருக்கும் சோடியத்தை விரட்டக் கரைந்த கால்சியம் வேண்டும். ஜிப்சம் லிட்டர் நீரில் 2 கிராமுக்கு மேல் கரையும். சுண்ணாம்புக்கல்லோ கார அமில நிலை 8.5க்கு மேற்பட்ட மண்ணில் கரைவதே இல்லை எனலாம். ஜிப்சம் இட்டுத் தண்ணீர் கட்டி வடித்தால் சோடியம், சல்பேட்டாகக் கரைந்து வெளியேறும். வடிகால் இல்லாத வயலில் நல்ல ஜிப்சமும் பலன் தராது. நிலக்கடலைக்கு விழுது இறங்கும் பருவத்தில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடுவதும் காய்க்குக் கரைந்த கால்சியம் கிடைக்கவே. இல்லையேல் பொக்குக் காய் மிகும். புளிப்பு நிலத்துக்கு மாறாகச் சுண்ணாம்புதான் ஏற்றது, அங்கே ஜிப்சம் புளிப்பைப் போக்காது.

பாஸ்பாரிக் அமில ஆலைகளில் கிடைக்கும் பாஸ்போ ஜிப்சம் தோண்டி எடுத்த கனிமம் அன்று. ஆயினும் களர் நிலத்துக்கு ஏற்றதே. அதுவும் எலுமிச்சைச் சாற்றில் பொங்காது. எதை வாங்கினாலும் மூட்டைகள் பலவற்றிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து சோதியுங்கள். மேல் மூட்டையை மட்டும் பார்த்துவிட்டு வண்டியை அனுப்பிவிடாதீர்கள். களர் நிலத்துக்கு எவ்வளவு இடுவது என்பதை மண் பரிசோதனை நிலையத்தில் கேட்டறியலாம்.