வண்டிக்குள் குளிர்ச்சி: சென்னை வெயிலுக்கு எந்தப் பெட்டி?

படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களின் ஓய்வறையாகவே சென்னைவாசிகள் நெடுங்காலம் அறிந்திருந்த கேரவன், கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்த பிறகு, குடும்பத்தோடு ஊர் சுற்றும் வண்டியாகவும் பேசப்பட்டு வருகிறது. படப்பிடிப்பு வண்டிக்கு ஜெனரேட்டர் துணை உண்டு. வீட்டு ஃபிரிட்ஜே அதற்குப் போதும். வேனில் கட்டிலும் அடுப்பும் பொருத்திக்கொண்டு மயிலாப்பூரிலிருந்தோ அடையாற்றிலிருந்தோ ஏலகிரிக்கும் கொல்லிமலைக்கும் கிளம்பும் குடும்பமோ, பாலும் தயிரும் இட்லி மாவும் கெடாமல் காக்க ஒரு பேட்டரியை மட்டுமே நம்பியிருக்கிறது. அதனால் குளிர்பெட்டியின் வகையைத் தேர்ந்தெடுப்பதில் விலையைவிட இயற்பியலுக்கே பெரும் பங்கு இருக்கிறது.

எந்தக் குளிர்பெட்டியும் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. வெளிக்காற்று சூடேற ஏற அந்த வேலை கடினமாகும் என்பதால்தான் பெட்டிகளுக்குத் தட்பவெப்ப வகுப்பு என்றொரு குறியீடு தரப்படுகிறது. 'என்' வகுப்புப் பெட்டி 32 டிகிரி வரையிலும், 'எஸ்டி' வகுப்பு 38 வரையிலும், 'டி' வகுப்பு 43 வரையிலும் வேலை செய்ய வடிவமைக்கப்பட்டது. நுங்கம்பாக்கம் வானிலை நிலையம் 2003 மே 31 அன்று 45 டிகிரியைப் பதிவு செய்த ஊர் இது. கத்திரி வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டியின் உட்புறம் அதையும் தாண்டிச் சூடேறும். ஐரோப்பியக் கோடையில் நற்பெயர் வாங்கிய பெட்டி இங்கே திணறுவதன் காரணம் இதுதான்.

விலையில் எளியது பெல்டியர் பெட்டி. இருவேறு கடத்திகள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் என்று பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெல்டியர் 1834-இல் கண்டறிந்த விளைவே இதன் அடிப்படை. அந்தச் சதுர வில்லைகள் ரிட்சி தெருக் கடைகளில் தனியாகவும் கிடைக்கின்றன. ஆனால் இத்தகைய பெட்டி வெளிவெப்பத்தைவிட ஏறத்தாழ 20 டிகிரி மட்டுமே குறைக்க வல்லது. வெளியே 38 என்றால் உள்ளே 18. பாலுக்குத் தேவை 5 டிகிரிக்குக் கீழே. இட்லி மாவு அந்தச் சூட்டில் நிதானமாகப் புளித்துக்கொண்டே போகும். பேட்டரியையும் ஓயாமல் உறிஞ்சும் இந்தப் பெட்டியைச் சென்னைக் கோடைக்கு எவருக்கும் பரிந்துரைக்க இயலாது.

ஸ்டாக்ஹோம் மாணவர்கள் பிளாட்டன், முன்டர்ஸ் இருவரும் 1922-இல் உருவாக்கிய உறிஞ்சல் முறைப் பெட்டி, அசையும் பாகமே இல்லாத அழகிய படைப்பு. எரிவாயுச் சுடர் அம்மோனியாவைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்க, ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் அது தாழ்ந்த வெப்பநிலையிலேயே ஆவியாகி, அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக்கொள்கிறது. திரவம் புவியீர்ப்பினால் மட்டுமே இறங்கி வருவதால், பெட்டி சமமாக நின்றாக வேண்டும். சரிவில் மணிக்கணக்காக ஓடவிட்டால் குழாய்கள் அடைத்து நிரந்தரமாகப் பழுதாகலாம். கொல்லிமலைப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்தாலே இதன் இடர் புரியும். பெட்ரோல் பங்கில் சுடரை அணைக்க வேண்டும் என்பதோடு, கடும் வெயிலில் இதன் திறனும் வெகுவாகக் குறைந்துவிடும்.

எஞ்சுவது கம்ப்ரசர். வீட்டு ஃபிரிட்ஜின் அதே முறையை 12 வோல்ட் நேர்மின்சாரத்துக்கு ஏற்றவாறு சுருக்கிய இது, 40 லிட்டர் கொள்ளளவில், நம் கோடையில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 400 முதல் 500 வாட்-மணி மின்சாரம் கேட்கும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் ஏறக்குறைய 1,200 வாட்-மணி இருப்பதால், கூரையில் 200 வாட் சூரியத் தகடும் இருந்தால் கணக்கு நேராகிவிடும். மலைச்சரிவும் இதற்குப் பெரிய தடையில்லை.

கம்ப்ரசர் என்று முடிவான பிறகு, மேல்மூடி திறக்கும் பெட்டியா, வீட்டிலிருப்பதுபோல் முன்கதவு கொண்டதா என்ற விவாதம் எழுகிறது. கதவைத் திறந்தால் கனமான குளிர்காற்று கீழே வழிந்து வீணாகும் என்பது மேல்மூடிக்காரர்களின் வாதம். அது உண்மையே, ஆனால் அளவில் சிறியது. 40 லிட்டர் காற்று முழுவதும் மாறினாலும், புதிய காற்றைக் குளிர்விக்க ஏறத்தாழ 1.5 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்றினால் போதும். கடலோரச் சென்னையின் ஈரக்காற்றிலுள்ள நீராவி உள்ளே நீராகப் படிகையில் ஏறக்குறைய அதே அளவு வெப்பத்தைக் கூடுதலாக விடுகிறது. இரண்டும் சேர்ந்தாலும் 1 வாட்-மணிதான். 32 டிகிரியில் இருக்கும் 1 லிட்டர் தண்ணீரை 5 டிகிரிக்குக் கொண்டுவர வெளியேற்ற வேண்டிய வெப்பமோ 31 வாட்-மணி. ஒரு சூடான பாட்டில் முப்பது முறை கதவைத் திறப்பதற்குச் சமம். மேல்மூடியின் மெய்யான பலம் வேறிடத்தில் இருக்கிறது: குழிச்சாலைக் குலுக்கலில் முன்கதவின் ரப்பர் விளிம்பு விலகினால் குளிர் இடைவிடாமல் கசியும், மூடியோ தன் எடையால் அழுந்தியே நிற்கும். மாறாக, வாரக்கணக்கில் வண்டியிலேயே சமைத்து வாழ்வோருக்கு, அடியிலிருக்கும் தயிரை எடுக்க எல்லாவற்றையும் வெளியே அடுக்க வேண்டியிராத முன்கதவுப் பெட்டியே வசதி.

இரண்டு நாள் பயணத்துக்கு மின்சாரமே தேவையில்லை. பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம் மீனவர்கள் அன்றாடம் நம்பும் ஐஸ்பெட்டி போதும். 10 கிலோ ஐஸ் உருகும்போது 930 வாட்-மணி வெப்பத்தை விழுங்கும், கனத்த சுவருள்ள பெட்டியில் அது இரு நாள் தாங்கும். மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ், பாஸ்டனிலிருந்து மரத்தூளுக்குள் பொதிந்து மாதக்கணக்காகக் கப்பலில் வந்த பனிக்கட்டிக்காக பிரெடரிக் டியூடரின் நிறுவனம் 1842-இல் கட்டியது. காப்புச் சுவரின் வலிமைக்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய இன்சுலினுக்கு மட்டும் இது ஏற்றதல்ல. ஐஸைத் தொட்டுக்கொண்டிருக்கும் மருந்து உறைந்து பயனற்றுப் போகக்கூடும்.

கம்ப்ரசர் பெட்டி வாங்கியவர்கள், கிளம்புவதற்கு முந்தைய இரவே வீட்டு மின்சாரத்தில் அதை ஓடவிட்டு, ஏற்கெனவே குளிர்ந்த பொருட்களையே உள்ளே வைத்தால் முதல் நாள் பேட்டரிச் சுமை பெருமளவு குறையும். பலகை அலமாரிக்குள் இடைவெளியின்றிப் பொருத்திவிட்டால் வெளியேறும் சூட்டையே கம்ப்ரசர் திரும்ப உறிஞ்சி நிற்காமல் ஓடும் என்பதால், தச்சரிடம் வேலை கொடுக்கும்போதே பின்புறத்தில் கீழொன்றும் மேலொன்றுமாக இரண்டு காற்றுத் துளைகள் கேட்டு வாங்க வேண்டும்.