பத்து சென்ட் முறையும் தேக ஆரோக்கியமும்

விருத்தாசலத்திற்கு அடுத்த ஒரு கிராமத்தில் ஒன்பது ஏக்கர் புன்செய்க்குச் சொந்தக்காரரான ஒரு பெரியவர் இருக்கிறார். மல்லாட்டைச் சாகுபடியில் கைதேர்ந்தவர். சென்ற சித்திரை மாதத்தில், காய் உலர்த்தும் களத்தில் அவர் வெறுங்காலுடன் நடந்துகொண்டிருந்தபோது ஒரு கருவேல முள் அவருடைய வலது பாதத்தில் தைத்தது. தைத்தது அவருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் திண்ணையில் இரத்தக் கறையைக் கண்டு அவருடைய மனைவியார் கேட்ட பின்னரே பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். அதற்குள் புண் உள்ளே இறங்கிவிட்டது. வைத்தியசாலையில் இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது.

முள் தைத்தால் வலிக்காமலிருப்பது எவ்வாறு என்று பலர் வியப்படைந்தனர். நீரிழிவு நோய் நெடுநாள் கவனிப்பாரற்று இருக்குமாயின், கால்களிலுள்ள நரம்புகள் உணர்ச்சி குன்றிப் போகின்றன; இரத்த ஓட்டமும் குறைவதால் புண் எளிதில் ஆறுவதில்லை. நான்கு வருஷங்களுக்கு முன்பே சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. "எல்லையில்தானே இருக்கிறது, இன்னும் தாண்டவில்லையே" என்று அவர் இருந்துவிட்டார். பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை ஒரு முழம் வெட்டிக்கொண்டால் மறுநாளே அளவுக்காரரை அழைத்துவரும் மனிதர் அவர்.

இந்த நோய் பட்டணத்து உத்தியோகஸ்தர்களுக்கே உரியது என்னும் எண்ணம் நம்மவரிடம் இன்னும் இருக்கிறது. 2023-ஆம் வருஷம் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு, நம் தேசத்தில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவும், 13 கோடியே 60 லட்சம் பேருக்கு அதற்கு முந்திய நிலையும் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறது. கிராமங்கள் இதற்கு விலக்கல்ல. காரணத்தை நாம் வெளியில் தேட வேண்டியதில்லை. நம் பாட்டன்மார் கவலை இறைத்தார்கள். ஏர் பிடித்து ஒரு நாளைக்குப் பல மைல் நடந்தார்கள். இக்காலத்தில் மின்சார மோட்டார் நீரை இறைக்கிறது, டிராக்டர் உழுகிறது, களத்துமேடு வரையில் மோட்டார் சைக்கிள் போகிறது. சௌகரியங்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவற்றைப் பரப்புவதில் நம் இலாகாவுக்கும் பங்குண்டு. ஆனால் உழைப்புக் குறைந்த அளவுக்கு இலையிலிருந்த சோறு குறையவில்லை. கூலியாளைவிட நிலச்சொந்தக்காரருக்கும், அவரைவிட நாற்காலியில் அமர்ந்து சிட்டாவும் அடங்கலும் பார்க்கும் கிராம அலுவலருக்கும் இந்த அபாயம் அதிகம் என்பதைச் சொல்லாமலிருக்க முடியாது.

நானும் இதற்கு வெளியே நின்று உபதேசிப்பவன் அல்லன். எனக்கு வயது நாற்பத்து நான்கு. மூன்று வருஷங்களுக்கு முன்பு ஒரு முகாமில் பரிசோதித்தபோது, குளுக்கோஸ் நீர் அருந்திய இரண்டு மணி நேரத்திற்குப் பின் என் இரத்தச் சர்க்கரை 168 என்று வந்தது. 140-க்குக் குறைந்தால் குற்றமில்லை. 200-ஐத் தொட்டால் நீரிழிவு. இடையில் நான் நின்றேன். பயந்துபோய், தை முதல் தேதியிலிருந்து விடியற்காலையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பது, இராத்திரியில் சோறு கிடையாது, தேநீர் அறவே இல்லை என்று மூன்று சங்கற்பங்களை ஒரே மூச்சில் செய்துகொண்டேன். தைப்பூசம் வருவதற்குள் மூன்றும் போய்விட்டன. விதை விநியோகத்திற்காக நான்கு மணிக்கே புறப்பட வேண்டிய ஒரு நாள் நடை நின்றது. மறுநாள் சோம்பலால் நின்றது. அதற்கு மறுநாள் நிற்பதற்குக் காரணமே தேவைப்படவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாயிருந்தது. ஒரு புது இரகத்தை எடுத்துக்கொண்டு போய், "உங்கள் ஒன்பது ஏக்கரிலும் இந்த வருஷமே இதைப் போடுங்கள்" என்று எந்தக் குடியானவரிடத்திலாவது நான் சொன்னதுண்டா? சொன்னால் என்னை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தார் மணிலாவில் புதிய இரகம் வெளியிட்டால், "வழக்கமான விதையைப் போட்டுக்கொள்ளுங்கள், வரப்போரமாகப் பத்து சென்ட் மட்டும் எனக்குக் கொடுங்கள்" என்றுதான் கேட்பேன். பத்து சென்ட் பாழானாலும் வீட்டுக்கு நஷ்டமில்லை. பலித்தால் அடுத்த பட்டத்தில் அவரே அரை ஏக்கர் போடுவார். நான் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. 1903-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் டெரல் என்னும் ஊரில் சீமன் நாப் என்பவர் இந்த உத்தியோகத்திற்கே வித்திட்டபோது, சர்க்கார் பண்ணை ஒன்றும் வைக்கவில்லை. ஒரு குடியானவருடைய நிலத்திலே, அவருடைய கையாலேயே செய்வித்து, நஷ்டம் வந்தால் ஈடுசெய்வதற்கு ஊராரைக்கொண்டு நிதியும் சேர்த்து வைத்தார். நஷ்டத்திற்கு அஞ்சுபவனைக் குற்றம் சொல்லாமல், அஞ்ச வேண்டாத அளவில் அவனைத் தொடங்கச் செய்வதே இத்தொழிலின் சூக்ஷ்மம். பிறருக்கு இருபது வருஷம் சொன்னதை என் தேகத்திற்கு நான் செய்யவில்லை.

நம் ஊர்ப் பீங்கான் தொழிலாளரைக் கேட்டாலும் இதையே வேறு விதமாகச் சொல்லுவார்கள். வார்த்த கோப்பையை ஈரத்தோடு சூளையில் வைத்து ஒரேயடியாகத் தீயை ஏற்றினால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பண்டம் வெடித்துப் போகும். நிழலில் உலர்த்தி, முதலில் இளஞ்சூடு காட்டி, பின்பே உஷ்ணத்தை உயர்த்த வேண்டும். ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தைத் தாங்கும் பண்டமேயானாலும், நூறு பாகையை அவசரமாகக் கடந்தால் தாங்காது.

இனி, சிறு மாறுதலால் பெரிய பலன் வருமா என்ற கேள்விக்கு வருவோம். சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரனும் அவரைச் சேர்ந்தவர்களும் என்னைப் போல் எல்லையில் நின்ற 531 பேரை மூன்று வருஷம் கவனித்து, 2006-ஆம் வருஷத்தில் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றும் மாற்றாமல் விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. ஆகாரத்தையும் நடையையும் திருத்திக்கொள்ளும்படி இடைவிடாது நினைவூட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கே வந்தது. அவர்கள் சாமியார்களாகிவிடவில்லை, தினமும் அரைமணி நேரம் வேகமாக நடக்கவும், சர்க்கரை, மாவுப் பண்டம், எண்ணெய் இவற்றைக் குறைக்கவும் சொல்லப்பட்டார்கள். கவனிக்கத்தக்கது யாதெனில், உடல் எடை குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது. தராசு அசையவில்லையென்று மனந்தளர்ந்து விட்டுவிடுகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைக்க வேண்டும். அதே டாக்டர் குழுவினர் 2013-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், 537 ஆண்களில் ஒரு பாதிப் பேருக்குக் கைத்தொலைபேசியில் சிறு செய்திகளை மட்டும் இரண்டு வருஷம் அனுப்பிவந்தார்கள். செய்தி பெறாதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கும், பெற்றவர்களில் 18 பேருக்கும் நோய் கண்டது.

ஆகவே நான் மறுபடி தொடங்கியபோது பத்து சென்ட் அளவில் தொடங்கினேன். மத்தியானச் சாப்பாடு முடிந்தவுடன் எங்கே இருந்தாலும் பத்து நிமிஷம் நடப்பது, அவ்வளவே. உண்டபின் நடப்பதில் ஒரு விசேஷம் உண்டு. அப்பொழுதுதான் சர்க்கரை இரத்தத்தில் ஏறும். வேலைசெய்யும் தசைகள் இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே அதை இழுத்துக்கொள்ளும். ஊரார் முதலில், "ஐயா யாரையோ தேடுகிறார்" என்று நினைத்தார்கள்.

இவ்விதம் ஒரு காரியம் வழக்கமாக வேரூன்ற எத்தனை நாள் பிடிக்கும்? நம்மவர் ஒரு மண்டலம், அதாவது 48 நாள் என்பார்கள். இலண்டனில் 96 பேரைக் கொண்டு செய்து 2010-இல் பிரசுரமான ஒரு சோதனையில், நடுத்தரமாக 66 நாள் பிடித்ததாகத் தெரிகிறது. ஆனால் சிலருக்கு 18 நாளே போதுமாயிருந்தது, சிலருக்கு 254 நாள் வரையில் ஆகுமென்று கணக்கிடப்பட்டது. அதைவிட முக்கியமான விஷயம், இடையில் ஒரு நாள் தவறிப்போனால் வேரூன்றுவது கெட்டுவிடவில்லை. என் முதல் முயற்சியை அழித்தது தவறிய அந்த ஒரு நாள் அன்று. தவறியதோடு எல்லாம் போயிற்று என்று நான் எண்ணியதே. ஒரு குழியில் விதை முளைக்காவிட்டால் வயல் முழுவதையும் உழுது அழிப்பார் உண்டோ? அந்தக் குழியில் மட்டும் மறுபடி ஊன்றுகிறோம்.

குடியானவர்கள் எதை எடுத்துக்கொள்ளலாம் என்பது அவரவர் நிலத்தைப் பொறுத்தது. ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு புது வழக்கத்தை முடிந்துவிடுவது நலம். நாள்தோறும் மோட்டார் போடப் போகிறவர், வண்டியைக் கொட்டகை வரையில் ஓட்டாமல் சாலையிலேயே நிறுத்தி நடக்கலாம். அந்த நடையில் வரப்பு உடைப்பும் பூச்சித் தாக்குதலும் கண்ணில் படும். வண்டியில் போகிறவருக்குப் படுவதில்லை. தேநீருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு ஐந்து வேளை குடிப்பவர், கரண்டிக்கு நான்கு கிராம் வீதம் மாதத்திற்கு 1,200 கிராம் சர்க்கரையைத் தேநீரில் மட்டும் உட்கொள்ளுகிறார். அதை ஒன்றரைக் கரண்டியாக்கிப் பதினைந்து நாள் பழகினால், பிறகு ஒன்றாக்குவதில் நாக்கு சண்டை போடுவதில்லை. சோற்றை நிறுத்து என்று சொன்னால் நம்மவரிடம் செல்லாது, எனக்கே செல்லவில்லை. ஓர் அகப்பை சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் ஓர் அகப்பை கூட்டோ, சுண்டலோ, அவித்த மல்லாட்டையோ வைத்துக்கொள்ளலாம். 21 தேசங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கவனித்து 2020-இல் வெளியான ஆய்வில், வெள்ளைச் சோறு மிக அதிகமாக உண்பவர்களுக்கு நீரிழிவு கூடுதலாகவும், அந்தத் தொடர்பு நம் தெற்காசியாவில் எல்லாவற்றிலும் வலுவாகவும் காணப்பட்டது. கம்பும் வரகும் நமக்கு அந்நியமல்ல; ஆயினும் தீட்டிய வரகைச் சோறாக்கி வயிறு முட்ட உண்டுவிட்டு மருந்து சாப்பிட்டதாக நினைப்பது சரியல்ல.

பதினாயிரம் அடி நடந்தாலொழியப் பிரயோஜனமில்லை என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எண் 1965-ஆம் வருஷத்தில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. 2019-இல் அமெரிக்காவில் வயது முதிர்ந்த சுமார் 16,700 ஸ்திரீகளைப் பற்றி வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 4,400 அடி நடந்தவர்களிலேயே, 2,700 அடி நடந்தவர்களைக் காட்டிலும் மரணம் குறைவாயிருந்தது; 7,500-க்கு மேல் கூடுதல் லாபம் தென்படவில்லை. நம் மாநிலத்தில் 2023 நவம்பரில் ஜில்லாதோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் தொடங்கப்பட்டது நல்ல காரியமே. ஆனால் வரப்பு உள்ளவனுக்கு நடைபாதை எதற்கு?

சிறிது சிறிதாக என்னும் இந்த முறைக்கு ஒரு விலக்கும் உண்டு. பீடி, சிகரெட் விஷயத்தில் இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். இங்கிலாந்தில் 697 பேரைக் கொண்டு நடத்தி 2016-இல் வெளியிட்ட சோதனையில், குறித்த நாளில் அடியோடு நிறுத்தியவர்களில் 49 சதவீதத்தினர் நான்கு வாரத்திற்குப் பின் விலகி நின்றார்கள். படிப்படியாகக் குறைத்தவர்களில் 39 சதவீதத்தினரே. களையை ஆய்ந்து ஆய்ந்து பாதியாக விடுவாருண்டோ? அன்றியும், ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்கள் நடையை நம்பி மருந்தை நிறுத்தலாகாது. நடக்கும்போது மார்பில் வலியோ மூச்சுத் திணறலோ காண்கிறவர்கள் டாக்டரைப் பார்த்த பின்பே தொடங்க வேண்டும்.

கணக்கு வைப்பது அவசியம். நான் தினசரிக் காலண்டர்த் தாளைக் கிழிக்குமுன் அதில் ஒரு கோடு போட்டு, மாதக் கடைசியில் கோடுகளை எண்ணிப் பயிர்க் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் எழுதிவைக்கிறேன். முதல் மாதம் 19. இரண்டாம் மாதம் 23. அறுவடை மாதத்தில் 14-தான். பத்து நிமிஷம் இப்பொழுது இருபதாகி, இராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின்னும் ஒரு பத்து சேர்ந்திருக்கிறது. எடை ஒன்றரைக் கிலோ குறைந்தது. அது பேசத் தக்கதல்ல. இரண்டு மணி நேரச் சர்க்கரை 146-க்கு வந்திருக்கிறது.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சிச் செயலர்களும் ஒன்று செய்யலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின்படி, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டுக்கே வந்து பார்க்க ஏற்பாடு செய்யப்பட்டது. ஆனால் பகலில் வந்தால் நிலத்துக்காரர் வீட்டில் இருப்பதில்லை. பரிசோதனை நாளை முன்கூட்டி அறிவித்து, நெல் கொள்முதலுக்கும் உர விநியோகத்திற்கும் ஆட்கள் கூடும் இடத்தில் அதை வைக்கச் செய்வார்களாயின், எல்லையில் நிற்பவர்களில் பலர் காலத்திலேயே தெரிந்துகொள்ளுவார்கள்.

விரல் இழந்த பெரியவரைச் சென்ற மாதம் கண்டேன். அவர் எடுத்துக்கொண்ட பத்து சென்ட், படுக்குமுன் டார்ச்சு விளக்கைப் போட்டு இரண்டு பாதங்களையும் பார்ப்பது. அடிப்பாகம் தமக்குத் தெரியாததால் பேத்தியைப் பார்க்கச் சொல்லுகிறார். அவள் தவறினாலும் விடுவதில்லையாம். களத்திற்கும் மேட்டு நிலத்திற்கும் செருப்புடன்தான் போகிறார். ஆனால் ஐப்பசி மழைக்குப் பின் களிமண் சேற்றில் செருப்பு அடியோடு ஒட்டிக்கொண்டு அறுந்துபோகிறது. முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸோ வேர்வையால் உள்ளே புழுங்கிப் பாதத்தை ஊறவைக்கிறது. சேற்றில் கழன்று போகாததும், உள்ளே புழுங்காததுமான காலணி ஏதேனும் எந்த ஊரிலாவது குடியானவர்கள் உபயோகித்து வருவார்களாயின், அதைப் பற்றி எழுதித் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். அவருக்கு மார்கழிப் பட்டத்து விதைப்பு நெருங்கிக்கொண்டிருக்கிறது.