கணவாய்த் தூண்டில்: கரையோரம் வாழும் கமக்காரக் குடும்பங்களுக்கு

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும் 2006 இல் சம்பூரிலிருந்தும் இடம்பெயர்ந்தவர்களுள் கமக்காரக் குடும்பங்கள் பல. மண்ணை நம்பி வாழ்ந்தவர்கள் கடலோரத்தில் தங்க நேர்ந்தால், கடல் கண்ணெதிரே இருந்தும் கைக்கு எட்டாததாகவே இருக்கிறது. வள்ளம், வலை, இயந்திரம் என்று முதல் பெரிதாக வேண்டும். கணவாயைத் தூண்டிலில் பிடிப்பதற்கோ இவை எதுவும் வேண்டியதில்லை. கணவாயின் சுபாவத்தை அறிந்திருந்தால் போதும்.

கணவாய் இரை பிடிக்கும் விதம்

மீன் இரையை வாயால் கௌவும். கணவாய் முதலில் கையால் பற்றும். அதற்கு 8 கைகளும், அவற்றைவிட நீளமான 2 கைகளும் உண்டு. நீண்ட கைகளை எறிந்து இரையைப் பிடித்து, அணைத்து, கிளிச்சொண்டு போன்ற அலகால் கடித்துத் தின்னும்.

ஆகவே இதற்கான தூண்டிலும் வேறுபட்டது. இறாலைப் போன்ற ஒரு போலி இரை; அதன் வாற்பக்கத்தில் மேல்நோக்கி வளைந்த ஊசிகள் வட்டமாக இருக்கும். கணவாய் அணைக்கும்போது ஊசிகள் அதன் கைகளில் கொழுவிக்கொள்ளும். ஜப்பானில் முன்னர் இதை மரத்தில் செதுக்கிச் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் பிளாஸ்ரிக்கில் வருகிறது.

இந்த ஊசிகளுக்கு எதிர்முள் இல்லை. கயிறு தளர்ந்தால் கணவாய் கழன்றுவிடும். வெடுக்கென்று இழுத்தால் கை அறுந்துவிடும். இந்த இரண்டையும் மனத்தில் வைத்தால் பாதித் தொழில் கைவந்தது.

தேவையானவை

9 முதல் 11 சென்ரிமீற்றர் நீளமும் 15 முதல் 20 கிராம் நிறையும் உள்ள தூண்டில் ஒன்று, 40 மீற்றர் தங்கூசி, அதைச் சுற்றிவைக்க ஒரு வெற்றுப் போத்தல், ஒரு வாளி. தொடக்கத்தில் ஒரு தூண்டில் போதும். கடன்பட்டுப் பல தூண்டில்கள் வாங்க வேண்டாம்.

செய்முறை

1. பொழுது சாயும் வேளையும் விடியும் வேளையும் உகந்தவை. கற்பாரும் சாதாளையும் உள்ள, தெளிந்த, ஆழம் குறைந்த இடத்தைத் தெரிந்தெடுங்கள். மழைவெள்ளம் கலந்து கலங்கிய நீரில் பயனில்லை. இரவில் இறங்குதுறை விளக்கின் வெளிச்சமும் இருளும் சந்திக்கும் இடத்தில் கணவாய் காத்திருக்கும்.

2. தூண்டிலை எறிந்து, அமிழும்வரை எண்ணுங்கள். இந்த நிறையுள்ள தூண்டில் ஒரு மீற்றர் அமிழ ஏறக்குறைய 3 செக்கன் செல்லும். 4 மீற்றர் ஆழமாயின் 10 வரை எண்ணி நிறுத்தினால் அடியில் சிக்காது.

3. கயிற்றை இரண்டு தடவை சுண்டி இழுத்து, பின் அமிழ விடுங்கள். துள்ளும் இறாலைப் போல் அது தோன்றும். கணவாய் பெரும்பாலும் பற்றுவது தூண்டில் அமிழும் வேளையில்தான். அப்போது கயிறு அதிகம் தொய்யாமல் விரலில் இருக்கட்டும்.

4. கயிறு கனத்தால், அல்லது ஓடுகிற கயிறு திடீரென நின்றால், நிதானமாக இழுத்துச் சுற்றுங்கள். இடையில் நிறுத்த வேண்டாம்.

5. நீர்மட்டத்துக்கு வந்ததும் சற்றுப் பொறுங்கள். மையைக் கடலிலேயே பீய்ச்சட்டும். தலைக்குப் பின்புறமாகப் பிடியுங்கள், அலகு கடிக்கும்.

பிடித்ததை நிழலில் வையுங்கள். ஐஸ் உருகிய நன்னீர் பட்டால் தோல் வெளுத்து விலை குறையும். ஆதலால் பொலித்தீன் பையில் இட்டே ஐஸில் வைக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது பாறையிலும் அலைதடுப்புக் கல்லிலும் நிற்க வேண்டாம். நீச்சல் அறியாதவர் தனியே போகக் கூடாது. சிறுவரைத் தனியே அனுப்பவும் கூடாது.

அந்தக் கரையில் தொழில் செய்வோரை முதலில் கண்டு பேசுங்கள். கடற்றொழிலாளர் சங்கத்தில் கேட்டுவிட்டு நிற்பதே முறை. நமது வயலுக்கு வரம்பு இருப்பதுபோல் அவர்களது கரைவலைப் பாட்டுக்கும் எல்லை உண்டு. வெளிச்சம் பாய்ச்சிப் பிடிப்பது சட்டத்தோடு சம்பந்தப்பட்டது. கேளாமல் அதில் இறங்க வேண்டாம்.

சாதாளையிலும் கற்பாரிலும் வெள்ளை விரல்கள் போலக் கொத்தாக ஒட்டியிருப்பவை கணவாயின் முட்டைகள். அவற்றைப் பிடுங்காதீர்கள். கணவாயின் ஆயுள் ஏறக்குறைய ஒரு வருடமே. முட்டையிட்டபின் அது இறந்துவிடும். ஆகவே அடுத்த வருடத்துக் கணவாய் இந்தக் கொத்துகளிலேயே இருக்கிறது. விதைநெல்லைக் குற்றிச் சமைப்பது எவ்வளவு தவறென்று கமக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் சில வாரங்கள் கறிக்குக் கிடைத்தாலே திருப்தி கொள்வோம். எந்த நாள், எந்த நேரம், எந்தக் காற்று, எத்தனை கணவாய் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மழையையும் மண்ணையும் கவனித்துப் பயிர் செய்தவர்கள் நாம். அதே கவனிப்பு கடலிலும் உதவும். காணி மீளக் கிடைக்கும் நாள்வரை ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிய இந்தத் தூண்டில் துணைநின்றால் அது சிறிய காரியமன்று.