வாளியும் ஸ்டாப்வாட்ச்சும்

வீட்டிலேயே விமானம் கட்டும் அமெரிக்கர்களுக்கு எஞ்சினைவிடப் பெரிய தலைவலி பெட்ரோல் குழாய்

கொட்டகைக்கு வெளியே சின்ன விமானம் ஒன்று மூக்கை வானத்தை நோக்கித் தூக்கியபடி நிற்கிறது. முன் சக்கரத்துக்கு அடியில் பலகைகள். எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு வாளியில் விட்டிருக்கிறார்கள். ஒருவர் கையில் ஸ்டாப்வாட்ச். முழு வேகத்தில் மணிக்கு 40 லிட்டர் குடிக்கும் எஞ்சின் என்றால், மேலிருக்கும் டேங்க்கிலிருந்து தானாக இறங்கும் பெட்ரோல் அதைப்போல ஒன்றரை மடங்கு, அதாவது நிமிடத்துக்கு 1 லிட்டர் விழ வேண்டும். பம்ப் இருந்தால் ஒன்றேகால் மடங்கு போதும். அளவு குறைந்தால் விமானம் கிளம்பக் கூடாது.

வீட்டில் விமானம் கட்டுபவர்களுக்காக அமெரிக்க விமானத் துறை வெளியிட்டுள்ள கையேடு சொல்லும் சோதனை இது. மூக்கைத் தூக்கி வைப்பதற்குக் காரணம் உண்டு. தரையை விட்டு எழும்பும் நேரத்தில்தான் எஞ்சினுக்குத் தாகம் அதிகம். பெட்ரோல் ஏறிப்போக வேண்டிய மேடும் அப்போதுதான் அதிகம்.

அங்கே பாதிக்கு மேற்பட்ட வேலையை அமெச்சூர்களே செய்திருந்தால் அந்த விமானம் 'பரிசோதனை' வகையில் சேரும். தொழிற்சாலை விமானத்துக்குள்ள பாதுகாப்பு விதிகளுக்கு இது உட்பட்டதல்ல என்ற எச்சரிக்கைப் பலகையை உள்ளே ஒட்டினால் போதும். குழாய் எந்த வழியாகப் போகிறது, வால்வு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் கட்டுபவரின் இஷ்டம்.

அந்த இஷ்டத்தின் விலை 1997 அக்டோபர் 12 அன்று தெரிந்தது. பாடகர் ஜான் டென்வர், வேறொருவர் கட்டிய 'லாங் ஈஸி' விமானத்தை வாங்கியிருந்தார். அன்று கலிபோர்னியாவின் மான்ட்டரே வளைகுடாவில் அது விழுந்து அவர் இறந்தார். பர்ட் ருட்டனின் வரைபடப்படி, ஒரு டேங்க்கிலிருந்து மறு டேங்க்குக்கு மாற்றும் கைப்பிடி விமானியின் கால்களுக்கு இடையே இருக்க வேண்டும். கட்டியவரோ அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். பெட்ரோல் குழாய் விமானியின் அறைக்குள் வரக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். பழைய ஸ்கூட்டரில் ஓடிக்கொண்டே குனிந்து 'ரிசர்வ்' திருகியவர்களுக்கு இந்தச் சிக்கல் புரியும். டென்வர் திரும்பிக் கைப்பிடியை எட்டும்போது தன்னையறியாமல் வலது காலால் ரட்டர் பெடலை அழுத்தியிருக்கிறார் என்பது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிவு. டேங்க்கை நிரப்பாமல் கிளம்பியது, அந்த ரக விமானத்தில் போதிய பயிற்சி இல்லாதது என்று அவர் பங்கும் இருந்தது.

அதே வாரியம் 2011-ஆம் ஆண்டு விபத்துகளை வைத்து 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அமெரிக்காவின் சிறு ரக, தனியார் விமானங்களில் வீட்டில் கட்டியவை சுமார் 10 சதவீதம்தான். ஆனால் உயிர்ச்சேத விபத்துகளில் அவற்றின் பங்கு 21 சதவீதம். முக்கியக் காரணங்களில் ஒன்று எஞ்சின் கோளாறு. பெட்ரோல் ஓட்டச் சோதனையைக் கட்டாயமாக்கி, முடிவை எழுதி வாங்க வேண்டும் என்று வாரியம் பரிந்துரைத்தது.

இந்த இடத்தில்தான் ரெடிமேட் பெட்ரோல் 'கிட்'கள் நுழைகின்றன. பம்ப், ஃபில்டர், வால்வு, குழாய், இணைப்புகள் எல்லாம் ஒரே பெட்டியில். சொல்வதற்குச் சுலபம். கார் எஞ்சினை விமானத்தில் பொருத்துபவருக்கு, கார் டயரில் உள்ள காற்றைவிட அதிக அழுத்தத்தில் பெட்ரோல் வேண்டும். மிச்சம் டேங்க்குக்குத் திரும்ப வேண்டும். எடுத்த டேங்க்குக்கே திரும்பாமல் ஏற்கெனவே நிறைந்திருக்கும் மறு டேங்க்குக்குப் போனால், காற்றுத் துளை வழியாக வெளியே கொட்டிவிடும். பம்ப்பை எஞ்சின் பக்கம் வைத்தால் வெப்பத்தில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் குமிழ் அடைத்துக்கொள்ளும். பம்ப் உறிஞ்சுவதைவிடத் தள்ளுவதே மேல் என்பதால் அதற்கு டேங்க்குக்கு அருகே, தாழ்வான இடம்தான் சரி. எத்தனால் கலந்த பெட்ரோல் சில வகை ரப்பரையும் பூச்சையும் தின்றுவிடும் என்பது தனிக் கவலை.

இதையெல்லாம் பட்டறை மேஜை மீது முழுக்கச் சோதித்துவிட முடியாது. சிறு பட்டறைக்காரரிடம் பத்து விதமான விமானங்களும் இருக்காது. எனவே முதல் சில பெட்டிகள் தொண்டர்களிடம் போகின்றன. தங்கள் விமானத்தில் பொருத்தி, முதலில் வாளியிலும், பிறகு தரையில் எஞ்சினை ஓட்டியும், கடைசியில் வானத்திலும் அழுத்தம், ஓட்டம், வெப்பம் ஆகியவற்றைக் குறித்து அனுப்ப வேண்டும். சம்பளம் கிடையாது. கருவி விலையில் சலுகை கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இந்த ஏற்பாட்டின் பலவீனமும் தொண்டர்கள்தான். விமானத்தையே வீட்டில் கட்டுகிறவர், பெட்டியில் வந்ததை அப்படியே பொருத்துவாரா? ஃபில்டரைச் சற்றுத் தள்ளி வைப்பார், ஒரு வளைவைக் கூட்டுவார். அப்புறம் அவர் அனுப்பும் கணக்கு அந்தக் கிட்டைப் பற்றியதல்ல, அவருடைய கைவேலையைப் பற்றியது. என்ன மாற்றினோம் என்று ஒளிக்காமல் எழுதுபவரே பட்டறைக்காரருக்கு உருப்படியான தொண்டர்.

புது விமானம் முதல் 25 அல்லது 40 மணி நேரம், ஒதுக்கப்பட்ட எல்லைக்குள் பறந்து தன்னை நிரூபிப்பது அங்கே வழக்கம். கிட் சோதனையின் கடினமான பகுதியும் அப்போதுதான். ஓடுபாதைக்கு மேலே நல்ல உயரத்தில் ஒரு டேங்க்கை வேண்டுமென்றே காலி செய்கிறார்கள். எஞ்சின் இருமி அடங்குகிறது. வால்வைத் திருப்பியதும் எத்தனை வினாடியில் மறுபடி பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பயணியை ஏற்றிச் செல்ல அந்த மணி நேரங்களில் அனுமதி கிடையாது.