வார்ப்பிரும்பு வேளாண் கருவிகளின் சீரமைப்பும் ‘பற்றவைப்பு’ என்னும் சொல்லும்

ஆய்வுச் சுருக்கம்

உடைந்த வார்ப்பிரும்பை இணைக்கும் இருவேறு முறைகளை இன்றைய தமிழ் ‘பற்றவைப்பு’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறது. உடைந்த உறுப்பின் உலோகம் உருகுகிறதா, இல்லையா என்பதே அவற்றைப் பிரிக்கும் எல்லையாகும். அவ்வெல்லையைக் காட்டும் கலைச்சொற்கள் தேவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: வார்ப்பிரும்பு, பற்றவைப்பு, பற்றாசு, வேளாண் கருவிகள், கலைச்சொல்

முன்னுரை

சென்னை சைதாப்பேட்டையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயங்கிய அரசு வேளாண் பண்ணையில் மேலைநாட்டு இரும்புக் கலப்பைகள் சோதிக்கப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் எண்ணெய் எஞ்சின் வழி நீரிறைக்கும் முறையைச் சென்னை மாகாணத்தில் பரப்பினார். இவ்வாறு உழவர் வாழ்வில் நுழைந்த எஞ்சின், பம்பு, கரும்பு ஆலை ஆகியவற்றின் உறுப்புகள் பல வார்ப்பிரும்பால் ஆனவை. உதிரி உறுப்பு கிடைக்காத பழைய கருவி உடையும்போது, சீரமைப்பு ஒன்றே அதனைக் காக்கும் வழியாகிறது.

வார்ப்பிரும்பின் இயல்பு

வார்ப்பிரும்பில் கரி 2 முதல் 4 விழுக்காடு வரை அமைகிறது. சாம்பல் வார்ப்பிரும்பில் இக்கரியின் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாகப் படிந்திருக்கும். ஆதலால் அது அழுத்தத்தைத் தாங்கும். இழுவிசையில் வளையாது முறியும். உருகிய பகுதி விரைந்து குளிர்ந்தால் கரி கிராஃபைட்டாகப் பிரியாமல் இரும்புடன் சேர்ந்து, கடினமும் நொறுங்கும் தன்மையும் கொண்ட வெள்ளை வார்ப்பிரும்பாகிறது. இங்கிலாந்தின் இராபர்ட் ரான்சம் 1803இல் கொழுவின் அடிப்பக்கத்தை விரைந்து குளிரச் செய்து கடினமாக்கியது இவ்வியல்பைப் பயன்படுத்தியே ஆகும். கொழுவிற்கு நன்மை தந்த அதே மாற்றம், இணைப்பில் புதிய விரிசலுக்கு வித்தாகிறது.

இருவகை இணைப்பு

முதலாவது, உருக்கி இணைத்தல். இதில் உறுப்பின் விளிம்பும் உருகுகிறது. உறுப்பு முழுவதையும் ஏறத்தாழ 500 முதல் 650 பாகை செல்சியசு வரை முன்சூடாக்கி, இணைத்தபின் மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெல்லக் குளிரவிடுவது ஒரு முறை. நிக்கல் மின்வாய்க் கம்பியால் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீளமே இட்டு, சூடாக இருக்கும்போதே சிறு சுத்தியலால் தட்டி, கை பொறுக்கும் சூட்டிற்கு ஆறியபின் தொடர்வது மற்றொரு முறை. இரண்டிலும் விரிசலின் முனைகளில் முன்னதாகத் துளையிடுவர். பல்லாண்டு ஊறிய எண்ணெயைச் சுட்டு நீக்குவர்.

இரண்டாவது, பித்தளைக் கம்பியை உருக்கி ஒட்டுதல். இதில் கம்பி மட்டுமே உருகுகிறது, வார்ப்பிரும்பு உருகுவதில்லை. எனவே வெள்ளை வார்ப்பிரும்பு தோன்றும் இடர் பெரிதும் குறைகிறது. ஆயினும் மிகு வெப்பம் தாங்கவேண்டிய உறுப்புகளுக்கு இது பொருந்தாது.

கலைச்சொல் தேவை

உலோகங்களை ஒட்டுவிக்கும் இடைப்பொருளைக் குறிக்கப் ‘பற்றாசு’ என்னும் பழஞ்சொல் தமிழில் உண்டு. இரண்டாம் முறையைப் ‘பற்றாசு இணைப்பு’ எனவும், முதல் முறையை ‘உருக்கி இணைப்பு’ எனவும் வழங்கலாம். ‘பற்றவைக்கவும்’ என்று மட்டும் கூறும் பாடநூல், மாணவர் எம்முறையைக் கையாளவேண்டும் என்பதை உணர்த்தாது.

முடிவுரை

வார்ப்பிரும்புச் சீரமைப்பின் வெற்றி, வெப்பத்தை ஆளும் முறையைப் பொறுத்தது. மாற்று உறுப்பு இல்லாத கருவியில் பிழையான முறை மேலும் ஒரு முறிவையே தரும். ஆதலால் இவ்விரு கலைச்சொற்களின் வேறுபாடு சொல்லாக்க நயம் கருதியதன்று. செயலுக்கு வழிகாட்டுவது என்பது பெறப்படுகிறது.